ஜெட் விமானத்தில் நடுவானில் எஞ்சின் செயலிழத்தல்

பறந்துகொண்டிருக்கும் ஜெட் விமானத்தின் எஞ்சின் போதிய உந்துவிசையைத் தராமல் போவது நடுவானில் எஞ்சின் செயலிழத்தல் எனப்படும். மேலும் சேதம் வராமலிருக்க விமானியே ஓர் எஞ்சினை நிறுத்திவிடுவதும் இதில் அடங்கும். இன்றைய பயணிகள் ஜெட் விமானங்களில் பெரும்பாலானவை இரண்டு எஞ்சின்கள் கொண்டவை. அவற்றில் ஒன்று நின்றாலும் மற்றொன்றின் துணையுடன் மேலேறவும், பறக்கவும், பாதுகாப்பாகத் தரையிறங்கவும் இயல வேண்டும் என்பது அவற்றை வடிவமைப்பதற்கான அடிப்படை விதியாகும். எனவே எஞ்சின் நிற்பது தானாகவே விபத்து ஆகிவிடாது. அதன்பின் விமானிகள் எதை, எந்த வரிசையில், எவ்வளவு நிதானமாகச் செய்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கோயம்புத்தூர் பீளமேட்டில் உள்ள பன்னாட்டு விமான நிலையமும், சூலூரில் உள்ள இந்திய விமானப்படைத் தளமும் இப்பொருளை விளக்க நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

ஜெட் எஞ்சின் இயங்கும் முறை

பயணிகள் விமானங்களில் உள்ளவை விசிறிவகை ஜெட் எஞ்சின்கள். முன்புறமுள்ள பெரிய விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் ஒரு பகுதி அமுக்கிக்குள் சென்று பல அடுக்கு இதழ்களால் அழுத்தப்படுகிறது. அழுத்தப்பட்ட காற்றுடன் எரிபொருள் கலந்து எரிகிறது. வெளியேறும் சூடான வாயு பின்புறமுள்ள சுழலியைச் சுற்றுகிறது. அச்சுத்தண்டின் வழியே அந்தச் சுழலியே முன்னால் உள்ள அமுக்கியையும் விசிறியையும் சுழற்றுகிறது. காற்றின் பெரும்பகுதி எரியறைக்குள் போகாமல் விசிறியால் நேராகப் பின்னே தள்ளப்படுகிறது. உந்துவிசையில் பெரும்பங்கு இதிலிருந்தே கிடைக்கிறது.

மோட்டார் பம்பு தயாரிப்புக்குப் பெயர்பெற்ற கோவைப் பகுதி மாணவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பம்பின் உள்ளே சுழலும் இதழ்ச்சக்கரம் தண்ணீரைத் தள்ளுவதுபோல, இங்கே இதழ்கள் காற்றைத் தள்ளுகின்றன. பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் சக்கரம் சுற்றும், தண்ணீர் வராது. அதுபோல அமுக்கியின் இதழ்கள் மீது காற்றோட்டம் சீர்குலைந்தால் எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தும் உந்துவிசை குன்றிவிடும். அப்போது வெடிச்சத்தமும், எஞ்சினின் முன்னும் பின்னும் தீப்பிழம்பும் தோன்றலாம்.

செயலிழப்பின் காரணங்கள்

1. பறவை மோதல்: விமானம் தாழ்வாகப் பறக்கும் புறப்பாடு, தரையிறக்க வேளைகளில் இது மிகுதி.
2. இதழ் முறிவு: உலோகச் சோர்வால் விசிறி அல்லது சுழலியின் இதழ் உடைதல்.
3. எண்ணெய்க் கசிவு: உராய்வுநீக்கி எண்ணெயின் அழுத்தம் குறைந்து தாங்கிகள் சூடாதல்.
4. எரிபொருள் தடை: எரிபொருள் தீர்தல், கசிதல், மாசடைதல், அல்லது அதன் வழி அடைபடுதல்.
5. எரிமலைச் சாம்பல், கடும் ஆலங்கட்டி மழை போன்ற இயற்கைக் காரணங்கள்.
6. தீ: எஞ்சினைச் சுற்றியுள்ள பகுதியில் எரிபொருளோ எண்ணெயோ பற்றிக்கொள்ளுதல்.

ஒரே வகை எஞ்சினில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் பொருத்தப்பட்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில் இவ்வாறு கோளாறுகள் தொடர்ந்தன. 2018 மார்ச் 12 அன்று இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், குறிப்பிட்ட தொகுதி எஞ்சின்கள் பொருத்திய 11 விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது. 2019 இறுதியில், சுழலி இதழ்ச் சிக்கலுக்காக எஞ்சின்களை மாற்றியமைக்கக் கெடுவும் விதித்தது.

புறப்படும்போது: வி1 எனும் எல்லை

விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியபின் எஞ்சின் நின்றால் நிற்பதா, பறப்பதா என்ற கேள்வி எழும். யோசிக்க ஓரிரு வினாடிகளே இருக்கும். ஆகவே விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். விமானத்தின் எடை, வெப்பநிலை, காற்றின் திசை, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு வேகம் குறிக்கப்படுகிறது. அதன் பெயர் வி1. அந்த வேகத்தை எட்டும் முன் கோளாறு தெரிந்தால் நிறுத்த வேண்டும். எட்டியபின் தெரிந்தால் பறந்தே ஆக வேண்டும். அதற்குமேல் நிறுத்த முயன்றால் எஞ்சிய ஓடுபாதை போதாமல் போகலாம்.

2023 ஜனவரி 23 காலை கோவையிலிருந்து 160க்கும் மேற்பட்ட பயணிகளுடன் சார்ஜா செல்லவிருந்த ஏர் அரேபியா விமானம் ஓடுபாதையில் விரைந்தபோது எஞ்சினில் பறவை மோதியது. விமானி புறப்பாட்டைக் கைவிட்டு விமானத்தை நிறுத்தினார். பயணிகள் காயமின்றி இறக்கப்பட்டனர். எல்லைக்கு உட்பட்ட நேரத்தில் நிறுத்துவது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

கோவை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,990 மீட்டர். நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடினாலும் வெயில் கூடினாலும் காற்றின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் எஞ்சினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் குறையும். சித்திரை வெயிலில் ஏற்றத்தக்க எடைக்கும் மார்கழிக் குளிரில் ஏற்றத்தக்க எடைக்கும் வேறுபாடு இருப்பதற்கு இதுவே காரணம். ஓர் எஞ்சின் நின்றாலும் மேலேற முடியுமா என்பதைக் கணக்கிட்ட பிறகே புறப்பாட்டு எடை முடிவாகிறது.

தரையை விட்டு எழுந்தபின்

ஓர் எஞ்சின் நின்றதும் விமானம் நின்ற எஞ்சின் இருக்கும் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட, மற்றது இழுத்துக்கொண்டே போனால் வண்டி நின்ற மாட்டின் பக்கம் திரும்புவதைப் போன்றது இது. விமானி வால்பகுதியில் உள்ள சுக்கானைக் கால்மிதியால் எதிர்ப்பக்கம் திருப்பி விமானத்தை நேர்ப்படுத்துகிறார். இடது எஞ்சின் நின்றால் வலது கால், வலது எஞ்சின் நின்றால் இடது கால்.

அடுத்தடுத்த செயல்கள் பொதுவாகப் பின்வரும் வரிசையில் அமைகின்றன.

1. விமானத்தை நேராகவும், குறித்த வேகத்திலும் வைத்திருத்தல்.
2. உயரம் கூடுவது உறுதியானதும் சக்கரங்களை உள்ளிழுத்தல். இதனால் காற்றுத்தடை குறையும்.
3. பாதுகாப்பான உயரத்தை அடையும்வரை எஞ்சின் தொடர்பான எதையும் தொடாதிருத்தல். பல நிறுவனங்களில் இந்த உயரம் 400 அடி.
4. அதன்பின் எந்த எஞ்சின், என்ன கோளாறு என்று இருவரும் சேர்ந்து உறுதிசெய்தல்.
5. உறுதியான எஞ்சினை உரிய முறைப்படி நிறுத்துதல்.
6. குறித்த உயரத்தில் வேகத்தைக் கூட்டி, இறக்கை மடிப்புகளை உள்ளிழுத்தல்.
7. சரிபார்ப்புப் பட்டியலைப் படித்து விடுபட்டவற்றைச் செய்தல்.

முதலில் பறக்க வேண்டும், அடுத்து வழியைப் பார்க்க வேண்டும், அதன்பிறகே பேச வேண்டும் என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் முன்னுரிமை. கட்டுப்பாட்டுக் கோபுரம் அழைத்தாலும் "காத்திருக்கவும்" என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு.

இரட்டை எஞ்சின் விமானம் சக்கரங்களை உள்ளிழுத்தபின் ஓர் எஞ்சினில் குறைந்தது 2.4 விழுக்காட்டுச் சரிவில் ஏற வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. அதாவது 1,000 மீட்டர் முன்னே சென்றால் 24 மீட்டர் உயர வேண்டும். இது மிகக் குறைவான ஏற்றம். கோவைக்கு வடமேற்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் உயர்ந்து நிற்கின்றன. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. இவ்வாறு மலை சூழ்ந்த இடங்களில் ஓர் எஞ்சினில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை விமான நிறுவனங்கள் முன்னதாகவே ஆராய்ந்து வகுத்துக்கொள்கின்றன. புறப்படும் முன் விமானிகள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாட்னா நிகழ்வு, 2022

2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து 185 பயணிகளுடன் டெல்லிக்குப் புறப்பட்ட ஸ்பைஸ்ஜெட் போயிங் 737 விமானத்தின் இடது எஞ்சினில் பறவை மோதியது. எஞ்சினிலிருந்து தீப்பொறி கிளம்பியதைத் தரையில் இருந்தவர்களும் கண்டனர். கேப்டன் மோனிகா கன்னா அந்த எஞ்சினை நிறுத்தி, ஒற்றை எஞ்சினுடன் விமானத்தைத் திருப்பிப் பாட்னாவிலேயே இறக்கினார். ஒருவருக்கும் காயமில்லை. பாட்னா ஓடுபாதை கோவையினுடையதைவிட மிகக் குட்டையானது என்பதால் இத்தரையிறக்கம் பலராலும் பாராட்டப்பட்டது.

உயரத்தில் பறக்கும்போது

சுமார் 35,000 அடியில் ஓர் எஞ்சின் நின்றால், எஞ்சிய ஒன்றால் அந்த உயரத்தைத் தாங்க முடியாது. விமானி இயங்கும் எஞ்சினின் விசையைத் தொடர்ந்து பயன்படுத்தத்தக்க உச்ச அளவுக்கு உயர்த்தி, விமானத்தை மெதுவாகக் கீழிறங்க விடுவார். காற்று அடர்த்தியான, தாங்கத்தக்க உயரத்தை அடைந்ததும் இறக்கம் நின்றுவிடும். இறங்கும்போது மற்ற விமானங்களின் பாதையிலிருந்து விலகிக்கொள்வதும், கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம். கடும் ஆபத்து என்றால் "மேடே" என்ற சொல்லையும், அவசரம் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் "பான் பான்" என்ற சொல்லையும் மும்முறை சொல்வது உலக வழக்கு. அடையாளக் கருவியில் 7700 என்ற எண்ணை இட்டால் கட்டுப்பாட்டு மையத் திரையில் அவ்விமானம் தனித்துத் தெரியும்.

கோவையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் வழி வங்கக் கடலையும், சார்ஜா செல்லும் வழி அரபிக் கடலையும் கடக்கிறது. கடல்மேல் இறங்க இடமில்லை. எனவே இரட்டை எஞ்சின் விமானங்கள், ஒற்றை எஞ்சினில் 60 நிமிடங்களுக்குள் ஒரு நிலையத்தை அடையும் வழியிலேயே செல்ல வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. எஞ்சின்களின் நம்பகத்தன்மை உயர்ந்தபின், 1985 முதல் சிறப்பு ஒப்புதலுடன் இந்த எல்லை 120, பிறகு 180 நிமிடங்கள் என நீட்டிக்கப்பட்டது. 180 நிமிட ஒப்புதலுக்கு, அவ்வகை எஞ்சின் 1,00,000 மணி நேரப் பறப்பில் ஏறத்தாழ 2 முறைக்கு மேல் நடுவானில் நிற்கக் கூடாது.

எச்சரிக்கையும் உண்மையும்: கோவைத் தரையிறக்கம்

2022 ஆகஸ்ட் 12 அன்று பெங்களூரிலிருந்து மாலத்தீவின் மாலே நகருக்கு 92 பேருடன் சென்ற கோ ஃபர்ஸ்ட் விமானத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதாக எச்சரிக்கை வந்தது. விமானிகள் வழியை மாற்றிக் கோவையில் தரையிறக்கினர். பொறியாளர்கள் சோதித்தபோது எஞ்சின்கள் நன்றாக இருந்தன. எச்சரிக்கைக் கருவியில்தான் பழுது என்று தெரிந்தது.

வீண் அலைச்சல் என்று இதைக் கருதலாகாது. வானத்தில் இருக்கும் விமானி எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. தவறு என்று நிறுவப்படும்வரை எச்சரிக்கையை உண்மை என்றே கொள்வது அவர் கடமை. கடல் கடக்கும் முன் அருகிலிருந்த நல்ல ஓடுபாதையை நாடியது முறைப்படியான முடிவே.

தவறான எஞ்சினை நிறுத்துதல்

எஞ்சின் நிற்பதைவிடக் கொடிய விளைவைத் தருவது, நன்றாக ஓடும் எஞ்சினைத் தவறுதலாக நிறுத்துவது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மிட்லாண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானத்தில் இடது எஞ்சினின் விசிறி இதழ் உடைந்தது. அதிர்வும் புகையும் எழுந்தன. விமானிகள் வலது எஞ்சினே பழுது என்று எண்ணி அதை நிறுத்தினர். தற்செயலாக அதிர்வு குறைந்ததால் தம் முடிவு சரியே என்று நம்பினர். தரையிறங்கும் கட்டத்தில் விசையைக் கூட்டியபோது சேதமுற்ற இடது எஞ்சின் முற்றிலும் நின்றது. விமானம் கெக்வொர்த் ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தனர்.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. வலது எஞ்சினில் கோளாறு என்று தலைமை விமானி அறிவித்தபோது, இடது எஞ்சினில் தீப்பிழம்பைக் கண்ட பயணிகள் அங்கே இருந்தனர். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. இவ்விபத்துக்குப் பிறகு, விமானி அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையே தகவல் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பது பயிற்சியில் வலியுறுத்தப்பட்டது.

2015 பிப்ரவரி 4 அன்று தைவானில் டிரான்ஸ் ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் விமானத்திலும் இதே தவறு நடந்து 43 பேர் இறந்தனர். அது சுழல்விசிறி விமானம் என்றாலும் பாடம் ஒன்றே.

இதனால்தான் எஞ்சினை நிறுத்தும் ஒவ்வோர் அடியையும் இருவர் சேர்ந்து செய்கின்றனர். ஒருவர் நெம்புகோலின் மீது கைவைத்து, "எஞ்சின் ஒன்று" என்று சொல்வார். மற்றவர் பார்த்து, "சரி" என்று உறுதிசெய்த பிறகே அது நகர்த்தப்படும். முதலில் விசை நெம்புகோல் குறைக்கப்படும். அடுத்து எரிபொருள் நிறுத்தப்படும். தீ இருந்தால் தீப்பிடி இழுக்கப்பட்டு அணைப்பான் செலுத்தப்படும். முதல் குப்பியில் தீ அடங்காவிட்டால் சுமார் 30 வினாடி கழித்து இரண்டாவது செலுத்தப்படும்.

எல்லா எஞ்சின்களும் நின்றால்

இது மிக அரிது. எஞ்சின் இல்லாவிட்டாலும் விமானம் கல்லைப்போல் விழாது, சறுக்கிப் பறக்கும். பெரிய ஜெட் விமானம் 1 கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் முன்னே செல்லும். கோவைக்கு மேலே 11 கிலோமீட்டர் உயரத்தில் இரு எஞ்சின்களும் நின்றதாக வைத்துக்கொண்டால், கணக்குப்படி 187 கிலோமீட்டர் சறுக்கலாம். நேர்த்தொலைவில் கொச்சியும் கோழிக்கோடும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்றும் திருப்பங்களும் இந்தத் தொலைவைக் குறைக்கும். ஆயினும் எஞ்சினை மீண்டும் இயக்க முயலவும், இடம் தேடவும் பல நிமிடங்கள் கிடைக்கும். பல விமானங்களில், காற்றால் சுழலும் சிறு சுழலி ஒன்று வெளியே நீண்டு அடிப்படை மின்சாரத்தையோ நீரியல் அழுத்தத்தையோ தரும்.

1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியா அருகே எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பலுக்குக் கீழே இறங்கியபின் அவை மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. 2001 ஆகஸ்ட் 24 அன்று எரிபொருள் கசிந்து தீர்ந்த ஏர் டிரான்சாட் ஏ330 விமானம் சுமார் 19 நிமிடங்கள் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது; 306 பேரும் பிழைத்தனர். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரு எஞ்சின்களும் விசையிழந்த ஏ320 விமானத்தைக் கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர்.

உயரம் இல்லாவிட்டால் இந்த வாய்ப்பு சுருங்கிவிடும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விமானம் எழும்பிய சில வினாடிகளில் இரு எஞ்சின்களுக்குமான எரிபொருள் விசைகளும் அடுத்தடுத்து நிறுத்த நிலைக்குச் சென்றதாக முதற்கட்ட அறிக்கை கூறியது. சில வினாடிகளில் அவை மீண்டும் இயக்க நிலைக்குக் கொண்டுவரப்பட்டும், எஞ்சின்கள் முழு விசையை மீட்க நேரம் போதவில்லை. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் 19 பேரும் உயிரிழந்தனர்.

போர் விமானங்களில்: சூலூர்த் தளம்

கோவைக்குக் கிழக்கே உள்ள சூலூர், தேஜஸ் இலகுரகப் போர் விமானங்களின் இருப்பிடம். விமானப்படையின் 45ஆவது படைப்பிரிவு 2018 ஜூலையில் இங்கு வந்தது. 18ஆவது படைப்பிரிவு 2020 மே 27 அன்று இங்கு தேஜஸ் விமானங்களுடன் செயல்படத் தொடங்கியது. தேஜஸ் விமானத்தில் உள்ளது ஜெனரல் எலக்ட்ரிக் எஃப்404 வகை எஞ்சின் ஒன்றே ஒன்று.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது நின்றால் விமானி தம் வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு நேரத்தைச் சேமிப்பார். அந்த நேரத்தில் எஞ்சினை மீண்டும் பற்றவைக்க முயல்வார். இயலாவிட்டால் ஊர்களை விட்டு விலகும்படி விமானத்தைத் திருப்பி, வெளியேற்று இருக்கை மூலம் குதிப்பார். இருக்கையை இயக்குவதைத் தாமதிப்பதே இத்தகைய நேரங்களில் உயிருக்கு ஆபத்து. விமானத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலும் அந்தத் தாமதத்துக்குக் காரணமாகிறது. உயரமும் வேகமும் இல்லாத நிலையிலும் இயங்கவல்லது தேஜஸின் இருக்கை.

இரட்டை எஞ்சின் போர் விமானத்தில் நிலைமை வேறு. 2019 ஜூன் 27 அன்று அம்பாலாவில் ஜாகுவார் விமானம் ஒன்று புறப்பட்டதும் பறவைக் கூட்டம் மோதி ஓர் எஞ்சின் நின்றது. விமானி கூடுதல் எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார். பின்னர் பத்திரமாகத் தரையிறக்கினார்.

ஒற்றை எஞ்சினில் தரையிறங்குதல்

ஓர் எஞ்சின் நின்றதும் உடனே இறங்கியாக வேண்டும் என்பதில்லை. தீயோ கடும் சேதமோ இல்லாவிட்டால் விமானிகள் வானில் சில சுற்றுகள் வந்து பட்டியலை முடித்து, ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கிட்டு, பயணிகளுக்கு அறிவித்தபின் இறங்குவார்கள். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வெளியே கொட்டி எடையைக் குறைக்கலாம். ஏ320 போன்றவற்றில் அந்த வசதி இல்லை. அவை வட்டமடித்து எரிபொருளைச் செலவிடும். அவசரமென்றால் கூடுதல் எடையுடனேயே இறங்கும். தரையில் தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையோரம் காத்திருப்பது வழக்கமான முன்னெச்சரிக்கை. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பயிற்சி

விமானிகள் ஆண்டுதோறும் பலமுறை செயற்கைப் பறப்புக் கருவியில் சோதிக்கப்படுகிறார்கள். வி1 வேகத்தைத் தாண்டியதும் எஞ்சின் நிற்பது அதில் தவறாமல் வரும் பாடம். பெரும்பாலான விமானிகள் தம் பணிக்காலம் முழுவதும் உண்மையில் ஓர் எஞ்சின் நிற்பதையும் காணாமலே ஓய்வு பெறக்கூடும். எனினும் அந்த ஒரு நாளுக்காக நூற்றுக்கணக்கான முறை அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

பயணிகள் அறிய வேண்டியவை

1. வெடிச்சத்தமோ தீப்பொறியோ வந்தால் இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு பணியாளர் சொல்வதைக் கேட்க வேண்டும்.
2. எஞ்சினில் தீ, புகை, சிதறல் எதைக் கண்டாலும் எந்தப் பக்கம் என்று பணியாளரிடம் சொல்ல வேண்டும். அறிவிப்பும் கண்ணால் கண்டதும் முரண்பட்டால் தயங்காமல் கட்டாயம் சொல்ல வேண்டும்.
3. விமானியிடமிருந்து அறிவிப்பு தாமதமாக வந்தால், அவர்கள் முதலில் விமானத்தைப் பறக்கவைக்கும் பணியில் இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.
4. அவசர வெளியேற்றத்தின்போது பைகளை எடுக்கக் கூடாது. ஒருவர் பைக்காக நின்றால் பின்னால் உள்ளவர்கள் அனைவரின் வழியும் அடைபடும்.
5. விமான நிலையங்களைச் சுற்றி இறைச்சிக் கழிவு, குப்பை கொட்டுவது பருந்து முதலிய பறவைகளை ஈர்க்கும். அதைத் தவிர்ப்பது ஊர் மக்கள் அனைவரும் விமானப் பாதுகாப்புக்குச் செய்யக்கூடிய உதவியாகும்.